கிராமத்தில் வாரக் காய்கறிக் கடை தொடங்கி நடத்துவது எப்படி: மகளிர் குழுக்களுக்கான முழுமையான வழிகாட்டி

நல்ல காய்கறி வாங்கப் பேருந்து ஏறிப் போக வேண்டியிருக்கும் ஒரு கிராமத்தில், மகளிர் சுய உதவிக் குழு ஒன்று வாரத்திற்கு இரண்டு நாள் காய்கறி, கீரை, பயறு, முட்டை ஆகியவற்றைக் கட்டுப்படியாகும் விலையில் விற்கத் தொடங்குவதற்கான வழிமுறை இது. திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டத்தில் உள்ள ஒரு மானாவாரிக் கிராமத்தில் இதை நடத்திப் பார்த்த பிறகும், பக்கத்து ஊர்க் குழுக்கள் தொடங்கி இடையில் நிறுத்தியதைக் கண்ட பிறகும் எழுதுகிறேன். மண்டியின் தொலைவும் விலையும் ஊருக்கு ஊர் மாறும். படிகளின் வரிசை மாறாது.

எங்கள் பகுதியில் அரிசிக்குப் பஞ்சமில்லை. நியாய விலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. துவரம் பருப்பு அட்டைக்கு 1 கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் 1 லிட்டர் 25 ரூபாய்க்கும் தருகிறார்கள். கிடைக்காதவை அதற்கு மேல் வேண்டியவைதாம்: காய், கீரை, பழம், முட்டை, இரண்டாவது கிலோ பருப்பு. எங்கள் காட்டில் விளையும் தக்காளி அய்யலூர்ச் சந்தைக்குப் போய், அங்கிருந்து வியாபாரி கைக்கு மாறி, இரண்டு நாள் கழித்து எங்கள் ஊர் மளிகைக் கடைக்கே வாடலாகத் திரும்பி வருகிறது. இந்தச் சுற்றைக் குறுக்குவதுதான் வேலை.

1. கடை போடுவதற்கு முன் இரண்டு வாரம் நோட்டு எழுதுங்கள்

புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் வண்டி பிடிப்பதில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டில்.

ஊரின் எல்லாத் தெருவிலிருந்தும் சேர்த்து இருபது வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் என்ன காய், எவ்வளவு, எங்கே, என்ன விலைக்கு, யார் போய் வாங்கினார்கள் என்பதை இரண்டு வாரம் எழுதுங்கள். வாரம் ஒருமுறை போய்க் கேட்டால் மறந்துவிடுவார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் போக வேண்டும். பேருந்துக் கட்டணத்தையும், காய் வாங்கப் போனதால் விட்ட அரை நாள் கூலியையும் தனிக் கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் உங்கள் விலை மலிவா இல்லையா என்பதை அந்தப் பெண்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

சில்லறைப் பொட்டலத்தையும் எடை போட்டுப் பாருங்கள். பத்து ரூபாய்க்கு வாங்கும் பருப்புப் பொட்டலத்தில் எத்தனை கிராம் இருக்கிறது என்று கணக்கிட்டால், கையில் காசு குறைவாக இருப்பவர்கள்தாம் கிலோவுக்கு அதிக விலை கொடுக்கிறார்கள் என்பது தெரியும். இதை மாற்றும் வழி அவர்களை ஒரு கிலோவாக வாங்கச் சொல்வதில் இல்லை, நூறு கிராமையும் கிலோ விலைக் கணக்கிலேயே விற்பதில் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரையின்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி வேண்டும். நால்வர் உள்ள வீட்டுக்கு அது வாரம் 11 கிலோவுக்கு மேல் வரும். இந்தக் கணக்கை வைத்துக் கொள்முதல் செய்தால் முதல் வாரமே பாதி அழுகும். எங்கள் நோட்டில் பெரும்பாலான வீடுகள் வாரம் மூன்று கிலோவை ஒட்டியே வாங்கியிருந்தன. இப்போது வாங்கும் அளவோடு கால் பங்கு மட்டும் கூட்டித் தொடங்குங்கள். 11 கிலோ நாளடைவில் போய்ச் சேர வேண்டிய இடம்.

2. நாள், நேரம், இடம்

நோட்டைப் பார்த்தால் கையில் பணம் புழங்கும் நாட்கள் தெரியும். எங்கள் ஊரில் பாதி வீட்டுப் பெண்கள் நூற்பாலை வேலைக்குப் போகிறார்கள். சம்பளம் 7ஆம் தேதியோ 10ஆம் தேதியோ வரும். மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் 15ஆம் தேதியை ஒட்டி வரும். நூறு நாள் வேலைக் கூலி கணக்கில் எப்போது விழும் என்பதைச் சொல்ல முடியாது. ஆகவே பருப்பு, எண்ணெய் போன்ற பெரிய செலவுச் சரக்கை 7 முதல் 15 தேதிக்குள்ளும், காயை மாதம் முழுவதும் ஒரே அளவிலும் வைப்பது பொருந்தும்.

நேரத்தை மண்டியின் வசதிக்கு வைக்காதீர்கள். காலை ஏழு மணிக்குச் சரக்கு பசேலென்று வந்து இறங்கும்போது வாங்க வேண்டியவர்கள் மில்லில் இருந்தால் பயனில்லை. எங்கள் ஊரில் மில் வேன் மாலை மூன்று மணி வாக்கில் பெண்களை இறக்கிவிடும். கடையை இரண்டரை மணிக்குத் திறந்து, வேன் நிற்கும் வேப்ப மரத்திலிருந்து இருபது அடியில் வைத்த பிறகுதான் விற்பனை நிலைப்பட்டது. வேனிலிருந்து இறங்குகிற பெண் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, உட்காராமலேயே அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கிப் போய்விட வேண்டும். வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருவாள் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இடத்தைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். கோயில் முன்னுள்ள மண்டபம் நிழலாக இருக்கும், இலவசமாகவும் கிடைக்கும். ஆனால் காலனிப் பெண்கள் அங்கே வந்து நின்று பேரம் பேசத் தயங்கும் ஊராக இருந்தால், உங்கள் கடை ஊரில் பாதிப் பேருக்கு இல்லாத கடை. பேருந்து நிறுத்தம், நியாய விலைக் கடை வாசல், பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரை ஒட்டிய இடம் ஆகியவற்றுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. கடையில் நிற்கும் பெண்களும் எல்லாத் தெருவையும் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும்.

3. ஆட்களும் முதலும்

ஒரு குழுவில் 12 முதல் 20 பேர் இருப்பார்கள். எல்லோரும் கடை நடத்த முடியாது. ஐந்து பேர் போதும்: மண்டிக்குப் போக இருவர், விற்க இருவர், கணக்கு எழுத ஒருவர். மண்டிக்குப் போகிறவரும் கணக்கு எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அவர் மீது சந்தேகம் இருப்பதால் சொல்லவில்லை; பின்னாளில் சந்தேகம் வராமல் அவரைக் காப்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த ஐவருக்கும் முதல் நாளிலிருந்தே கூலி வையுங்கள், சிறு தொகையானாலும் சரி. சேவையாகச் செய்கிறோம் என்று தொடங்கிய குழுக்களில் மூன்றாம் மாதம் ஒருத்திக்கு மாமியார் சுகவீனம், இன்னொருத்திக்குக் களையெடுப்பு என்று ஆள் குறைந்து கடை நின்றதைப் பார்த்திருக்கிறேன். கூலி இல்லாத வேலை, கூலி உள்ள வேலை வந்ததும் பின்னால் போய்விடும்.

முதலீடாக மூன்று கொள்முதலுக்கு வேண்டிய தொகையைத் திரட்டுங்கள். ஒன்று சரக்காக இருக்கும், ஒன்றில் ஒரு பகுதி கடனாக வெளியே நிற்கும், மீதி கையில் இருக்கும். குழுவின் சேமிப்பிலிருந்து உள்கடனாக எடுப்பது எளிது. ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிலும் கேட்கலாம். வங்கிக் கடனை முதல் மூன்று மாதம் தொடாதீர்கள். உங்கள் கழிவு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாத நிலையில் தவணை கட்டுவது கழுத்தைப் பிடிக்கும்.

ஊர் மளிகைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். இரவு எட்டு மணிக்குக் குழந்தைக்குப் பாலுக்குச் சர்க்கரை கடன் கேட்டால் கொடுப்பவர் அவர்தான். அவரைப் பகைத்துக்கொண்டு ஊரில் கடை நடத்த முடியாது. சோப்பு, பிஸ்கட், மசாலாப் பொடி எதையும் நாங்கள் விற்க மாட்டோம் என்று சொன்னோம். சில வாரம் முகம் கொடுக்காமல் இருந்தவர், பிறகு எங்கள் வண்டியிலேயே தமக்கும் இரண்டு பெட்டி தக்காளி ஏற்றிவரச் சொன்னார். வாடகையில் ஒரு பங்கு குறைந்தது.

4. தராசு, பதிவு, அனுமதி

மின்னணுத் தராசு வாங்கியதும் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் முத்திரை போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முத்திரைச் சான்றைக் கடையில் தெரியும்படி மாட்டுங்கள். எடை காட்டும் பக்கம் வாங்குகிறவரை நோக்கி இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் எண் தெரியும் தராசாக வாங்கினால் பாதிச் சச்சரவு குறையும்.

உணவுப் பொருள் விற்பதற்குச் சிறு வணிகருக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவை. இ-சேவை மையத்தில் ஆதாரும் புகைப்படமும் கொண்டுபோய் விண்ணப்பிக்கலாம், கட்டணம் சொற்பம். பொது இடத்தில் கடை வைக்க ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேட்டு, ஒப்புகைப் பிரதி வாங்கி வையுங்கள். கிராம சபையில் பேசினால் நல்லதுதான். ஆனால் அடுத்த கிராம சபை இரண்டு மாதம் தள்ளி இருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

5. மண்டிக்கு முந்தைய மாலை: முன்பதிவு

இந்தப் படியைத் தவிர்க்கிறவர்கள்தாம் அதிகம். தவிர்த்த கடைகளில் சரக்கு மிஞ்சுவதும் அதிகம்.

கொள்முதலுக்கு முந்தைய மாலை, தெருவுக்கு ஒருத்தி வீதம் போய், நாளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வாட்ஸ்ஆப் குழுவில் குரல் பதிவு அனுப்பச் சொல்லலாம். ஆனால் கைபேசி வீட்டுக்காரர் கையில் இருக்கும் வீடுகள் பல உண்டு, அவற்றை நேரில்தான் கேட்க வேண்டும். சொன்னதில் முக்கால் பங்கைத்தான் உண்மையில் வாங்குவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு செய்யாமல் வந்து வாங்குகிறவர்களால் மீதிக் கால் பங்கு ஈடாகிவிடும்.

பட்டியலில் எட்டு வகைக்கு மேல் வேண்டாம். தக்காளி, சின்ன வெங்காயம், கத்தரி, வெண்டை, ஏதேனும் ஒரு கொடிக்காய், ஒரு கிழங்கு, இரண்டு வகைக் கீரை. வகை கூடக் கூட ஒவ்வொன்றிலும் அடி மூட்டை மிஞ்சும். முருங்கைக்கீரையை வாங்கவே வாங்காதீர்கள். முருங்கை மரம் இல்லாத தெரு எங்கள் பக்கம் கிடையாது. தெரியாமல் பத்துக் கட்டு வாங்கிவந்து ஊர்ச் சிரிப்புக்கு ஆளான அனுபவம் எங்களுக்கு உண்டு.

6. மண்டியில் வாங்குதல்

எங்களுக்கு அருகில் ஒட்டன்சத்திரம் மண்டி. அங்கே வரும் சரக்கில் பெரும்பகுதி கேரளத்துக்குப் போவதால், ஓணத்துக்கு முந்தைய வாரம் விலை ஏறும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடும் காலத்திலும், வளர்பிறை முகூர்த்த நாட்களுக்கு முன்பும், ஐப்பசி அடைமழையிலும் ஏறும். இந்த நாட்களை நாட்காட்டியில் முன்பே வட்டமிட்டு, அந்த வாரங்களில் பூசணி, சேனை, கருணை, உலர்ந்த மொச்சை போன்றவற்றின் பங்கைக் கூட்டுங்கள்.

ஏலத்தில் மூட்டை மூட்டையாகப் போவதை நீங்கள் எடுக்க முடியாது. ஏலம் முடிந்த பிறகு சில்லறைக்குப் பிரித்துத் தரும் கடைகளில் வாங்குங்கள், அல்லது வேறொரு கடைக்காரருடன் சேர்ந்து ஒரு மூட்டையைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று முறை ஒரே கடையில் வாங்காமல் மூன்று கடைகளில் விலை கேளுங்கள். நான்காம் முறையிலிருந்து ஒருவரிடமே போங்கள். வாடிக்கை ஆகிவிட்டால் அடி மூட்டையைத் தலையில் கட்டமாட்டார்.

சரக்கைக் கையால் பாருங்கள். வெண்டைக்காயின் நுனியை ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றல். கத்தரிக்காயின் காம்பு பச்சையாக இருக்க வேண்டும். சின்ன வெங்காயத்தை ஒரு பிடி அள்ளி உரசினால் சரசரவென்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராவிட்டால் உள்ளே ஈரம், நான்கே நாளில் நாறும். தக்காளிப் பெட்டியின் மேல் அடுக்கை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு பெட்டியையாவது வெற்றுப் பெட்டியில் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பட்டியலில் இல்லாததை வாங்குவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. தக்காளி விலை சரிந்த ஒரு நாளில் இரண்டு பெட்டி கூடுதலாக வாங்கினோம். அன்று ஊரிலும் தக்காளி பறிப்புக் காலம். கேட்டவர் கேட்காதவர் வீட்டு வாசலிலெல்லாம் தக்காளி கிடந்தது. இரண்டு பெட்டியும் மாட்டுக்குப் போயின.

7. ஏற்றுதலும் காத்தலும்

சரக்கு 150 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் குட்டியானை வண்டியைத் தனியாக அமர்த்தாதீர்கள். மண்டிக்குக் காய் கொண்டுபோகும் உள்ளூர் விவசாயியின் வண்டி வெறுமனே திரும்பும். அதில் பாதி வாடகைக்கு ஏற்றிவரலாம்.

கிழங்கும் பூசணியும் அடியில், கத்தரி வெண்டை நடுவில், தக்காளிப் பெட்டி மேலே, கீரை எல்லாவற்றுக்கும் மேலே தனியாக. சாக்கில் கொண்டுவந்தால் நசுங்கும் காய்க்குப் பிளாஸ்டிக் பெட்டி வாங்கிவிடுங்கள். பத்துப் பெட்டியின் விலை ஓரிரு மாதத்துக் கழிவிலேயே திரும்பிவிடும். பழுத்த தக்காளியையும் வாழைப்பழத்தையும் கீரைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, ஏனெனில் பழுக்கும்போது அவை விடும் வாயுவால் கீரை சீக்கிரம் மஞ்சளாகும். உருளைக்கிழங்கை இருட்டில் வைக்க வேண்டும், வெளிச்சம் பட்டுப் பச்சை நிறம் ஏறியதை விற்கக் கூடாது. வெங்காயத்துக்குக் காற்றோட்டம் வேண்டும், ஈரச் சாக்கு ஆகாது.

கீரைக்கும் வெண்டைக்கும் எங்கள் பக்கத்து வறண்ட காற்று நல்ல துணை. இரட்டைச் செங்கல் சுவர் கட்டி, இரண்டுக்கும் நடுவில் மணல் நிரப்பி, காலையும் மாலையும் மணலை நனைத்து, மேலே ஈரக் கோணியால் மூடினால் உள்ளே வெளியைவிட நன்றாகக் குளிர்ந்திருக்கும். சிமெண்ட் பூசாதீர்கள், செங்கல் வழியாக ஈரம் ஆவியாவதால்தான் குளிர்ச்சி. அடைமழைக் காலத்தில் இது வேலை செய்யாது.

8. விலை போடுதல்

கடை மூடிப்போவதற்கு அழுகல் காரணமென்று சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் விலைக் கணக்கு. ஓர் உதாரணத்தைக் கடைசிவரை போட்டுப் பார்க்கலாம்.

சராசரியாகக் கிலோ 30 ரூபாய் வீதம் 150 கிலோ காய் வாங்குகிறீர்கள்: 4,500 ரூபாய். வண்டி வாடகை 900, ஏற்று இறக்கு கூலி 100. மொத்தம் 5,500. புதியவர் எப்படிக் கணக்குப் போடுவார்? வழிச்செலவு 1,000 ரூபாயை 150ஆல் வகுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 7 ரூபாய். 30உம் 7உம் 37. இரண்டு ரூபாய் லாபம் வைத்து 39க்கு விற்போம் என்பார்.

ஆனால் 150 கிலோவும் விற்பனைக்கு வராது. நூற்றுக்கு எட்டு கழிவு என்று வைத்தால், 12 கிலோ போய் 138 கிலோதான் மிஞ்சும். அதை 39க்கு விற்றால் வரவு 5,382. இரண்டு ரூபாய் லாபம் என்று நினைத்தவருக்கு 118 ரூபாய் நட்டம், அதுவும் யாருக்கும் கூலி கொடுக்காமல். சரியான கணக்கு, மொத்தச் செலவை விற்கக்கூடிய எடையால் வகுப்பது. ஐவருக்கும் சேர்த்துக் கூலி 600 ரூபாயையும் கூட்டினால் செலவு 6,100; அதை 138ஆல் வகுத்தால் 44 ரூபாய்க்குச் சற்று மேல். 45க்கு விற்றால் 110 ரூபாய் மிஞ்சும்.

இந்த 45 ரூபாய், நோட்டில் எழுதிய பழைய விலையோடும் பேருந்துக் கட்டணத்தோடும் ஒப்பிட்டு மலிவாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கூலியைக் குறைக்காதீர்கள். வாடகையையும் கழிவையும் குறைக்க வழி தேடுங்கள். திண்டுக்கல் உழவர் சந்தையின் அன்றாட விலைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், எந்தக் காயில் நாம் அதிகம் வைத்திருக்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

எல்லாக் காய்க்கும் ஒரே வழிச்செலவை ஏற்றவும் கூடாது. முட்டைக்கோசும் கீரையும் எடையில் குறைவு, வண்டியில் இடம் அதிகம் பிடிக்கும். பெட்டிக் கணக்கில் வாடகையைப் பிரியுங்கள். கொசுறாகக் கொடுக்கும் கறிவேப்பிலை, கொத்தமல்லியையும் செலவில் எழுதுங்கள். கொசுறு இல்லாமல் காய் விற்க முடியாது, அதனால் அதையும் ஒரு செலவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

9. கடை நாள்

விலையைக் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதி, அதே விலையை எல்லோருக்கும் சொல்லுங்கள். பெரிய வீட்டுக்காரம்மாவுக்கு இரண்டு ரூபாய் குறைத்தது அடுத்த தெருவுக்குப் பத்து நிமிடத்தில் போய்ச் சேரும்.

எடை போட்டு விற்பதோடு கூறு கட்டியும் வையுங்கள். சாம்பாருக்கு ஆகும்படி இரண்டு கத்தரி, ஒரு முருங்கைக்காய், நான்கு தக்காளி, ஒரு பிடி சின்ன வெங்காயம் என்று இருபது ரூபாய்க் கூறு. அன்றாடக் கூலி வாங்குகிறவர்கள் கிலோவுக்கு விலை கேட்க மாட்டார்கள். இருபது ரூபாய்க்கு என்ன வரும் என்றுதான் கேட்பார்கள். கூறில் சொத்தைக் காயை மறைத்துக் கட்டினால் ஒருமுறைதான் விற்கும்.

மாலை ஐந்தரைக்கு மேல் கீரையின் விலையைப் பாதியாக்குங்கள். ஆனால் ஒவ்வொரு கடை நாளிலும் அதே நேரத்தில் குறைத்தால், எல்லோரும் அதற்காகவே காத்திருக்கத் தொடங்குவார்கள். மிஞ்சிய நாளில் மட்டும் குறையுங்கள்.

10. கடன்

கடன் கொடுக்காமல் கிராமத்தில் கடை நடத்த முடியாது என்பது என் முடிவு. கடன் இல்லை என்று பலகை வைத்தால், மிகவும் தேவைப்படுகிற வீடுகள்தாம் முதலில் விலகும். ஆனால் எங்களுக்கு இரண்டாம் மாதத்தில் வெளியே நின்ற கடன் முதலீட்டில் பாதியைத் தாண்டி, ஒரு வாரம் மண்டிக்குப் போகப் பணமில்லாமல் கடை நின்றது. அந்த ஒரு வாரத்தில் விலகியவர்களைத் திரும்பக் கொண்டுவர ஒன்றரை மாதம் ஆயிற்று.

அதன் பிறகு வைத்த விதி: வீட்டுக்கு 200 ரூபாய் வரை, அடுத்த சம்பள நாள் வரை. பழைய பாக்கி தீராமல் புதுக்கடன் இல்லை. ஆனால் ரொக்கத்துக்கு வாங்கத் தடையில்லை. மொத்தக் கடன் முதலீட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. குழு உறுப்பினர்களுக்கும் இதே விதி. அவர்களிடம் தளர்த்தினால் வேறு யாரிடமும் கறாராகப் பேச முடியாது. பாக்கியை எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். கேட்கப்பட்ட பெண் கடனை அடைப்பாள், ஆனால் அதோடு கடைக்கு வருவதையும் நிறுத்திவிடுவாள்.

11. மிஞ்சிய சரக்கு

மிஞ்சியதை அன்றிரவே மூன்றாகப் பிரியுங்கள்: அடுத்த கடை நாளில் விற்கக்கூடியது, வற்றல் போடக்கூடியது, மாட்டுக்குப் போக வேண்டியது. கத்தரி, வெண்டை, கொத்தவரை ஆகியவை மோரும் உப்பும் சேர்த்த வற்றலாகும். அடிபட்ட ஆனால் அழுகாத தக்காளி தொக்காகும். பூஞ்சை பிடித்ததை எதற்கும் எடுக்கக் கூடாது. எந்த வகை எத்தனை கிலோ மிஞ்சியது என்று எழுதிய பிறகே தூக்கிப் போடுங்கள், ஏனெனில் அடுத்த வாரப் பட்டியலுக்கு அதுதான் ஆதாரம்.

12. பயறு, முட்டை, பழம்

காய்கறி இரண்டு மாதம் தடையின்றி ஓடிய பிறகு இவற்றைச் சேருங்கள். முன்பே சேர்த்தால் முதல் முடங்கும்.

பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 85 கிராம் என்பது அதே நிறுவனத்தின் பரிந்துரை. நால்வருக்கு மாதம் 10 கிலோ வருகிறது. நியாய விலைக் கடைத் துவரம் பருப்பு அதில் பத்தில் ஒரு பங்கு. இந்த இடைவெளியைத் துவரையால் மட்டும் நிரப்ப வேண்டியதில்லை. கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, பாசிப்பயறு எல்லாம் எங்கள் மானாவாரிக் காட்டிலேயே விளைகின்றன. அறுவடை முடிந்ததும் விவசாயியிடம் நேரே மூட்டையாக வாங்கி, இரண்டு நாள் நன்றாக வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத தகர டிரம்மில் வையுங்கள். முழுப் பயறில் வண்டு விழும், உடைத்த பருப்பில் குறைவு. ஆகவே மூன்று மாதத்துக்கு மேல் வைப்பதை உடைத்து வைப்பது நல்லது. முன்கூட்டியே பொட்டலம் கட்டி வைத்தால் எடை, விலை, கட்டிய தேதி எல்லாம் அச்சிட வேண்டிய சட்டத் தேவைகள் வரும் என்பதால், கண்ணெதிரே எடை போட்டுக் கொடுங்கள்.

முட்டையை முப்பது கொண்ட அட்டையாக நகரத்து மொத்த வியாபாரியிடம் எடுத்து, ஒன்று இரண்டாக விற்கலாம். நாமக்கல் பண்ணைக் கொள்முதல் விலை நாளிதழில் வரும். அதைப் பார்த்து வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். பழத்தில் ஆப்பிள், மாதுளை பக்கம் போகாதீர்கள். பழநியை ஒட்டிய ஆயக்குடிக் கொய்யாவும், உள்ளூர்ப் பப்பாளியும், வாழையும் பள்ளிக்கூடப் பிள்ளையின் கைக்காசுக்கு எட்டும் விலையில் விற்கும்.

13. ஊர் விளைச்சலைச் சேர்த்தல்

எல்லோரும் வீட்டுத் தோட்டத்தில்தான் தொடங்கச் சொல்வார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். விற்க இடம் இல்லாமல் விதை கொடுத்தால் முதல் விளைச்சல் அக்கம்பக்கத்துக்கு இனாமாகப் போகும், இரண்டாவது விதைப்பே நடக்காது. கடை நிலைத்த பிறகு, உங்கள் மிச்சத்தை வாங்கிக்கொள்கிறோம் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

கீரையில் தொடங்குங்கள். சிறுகீரை மூன்றரை வாரத்தில் பறிப்புக்கு வரும். துணி துவைத்த சோப்புத் தண்ணீரை வாழைக்கும், பாத்திரம் அலசிய தண்ணீரைக் கீரைப் பாத்திக்கும் திருப்பினால் தனியாகத் தண்ணீர் தேட வேண்டாம். கீரை தரும் ஐந்து வீடுகளுக்கு ஒரே வாரத்தில் விதை கொடுத்தால் ஒரே வாரத்தில் ஐம்பது கட்டு வந்து நிற்கும். வாரம் ஒரு வீடு என்று தள்ளித் தள்ளி விதைக்கச் சொல்லுங்கள். அவரை, பீர்க்கு, புடலை போன்ற கொடிக்காய்களுக்கு ஆடிப்பட்டம். தக்காளி விவசாயியிடம் வாங்கும்போது அன்றைய அய்யலூர் விலையைக் கொடுங்கள், குறைக்காதீர்கள். அவருக்கு வண்டி வாடகையும் தரகும் மிச்சம், உங்களுக்கு வழிச்செலவு மிச்சம்.

14. கணக்கும் மறுபார்வையும்

ஒவ்வொரு கடை நாளுக்கும் ஒரே பக்கத்தில் ஐந்து எண்கள்: கொள்முதல், வழிச்செலவு, விற்ற எடை, கழிவு, நிலுவைக் கடன். மாதக் கூட்டத்தில் இந்தப் பக்கங்களை உரக்கப் படியுங்கள். கழிவு இரண்டு வாரம் தொடர்ந்து நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால் வகைகளைக் குறையுங்கள். கடன் எல்லையை எட்டினால் அடுத்த கொள்முதலை முக்கால் அளவாக்குங்கள்.

மூன்றாம் மாத முடிவில் பழைய நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு அதே இருபது வீடுகளுக்குப் போய், அதே கேள்விகளை மீண்டும் இரண்டு வாரம் கேளுங்கள். விற்பனை கூடியிருந்தாலும், ஏற்கெனவே நன்றாக வாங்கிக்கொண்டிருந்த வீடுகளே இன்னும் கொஞ்சம் வாங்கியிருக்கலாம். இருபதில் எந்த வீடுகள் நம்மிடம் வரவில்லை என்று கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதுங்கள். எங்கள் நோட்டில் அப்படி நான்கு வீடுகள் இருந்தன: இரண்டு வீட்டுப் பெண்கள் இரவு ஷிஃப்டில் வேலை செய்து மாலையில் தூங்குகிறவர்கள், ஒரு வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்கு அந்தத் தொலைவு நடக்க முடியாது, ஒரு வீடு பழைய பாக்கியால் கூச்சப்பட்டு ஒதுங்கியது. முதல் இரண்டு வீட்டுக்கும் முந்தைய மாலையே கேட்டு எழுதிய கூறு வாசலில் வைக்கப்படுகிறது, பாட்டிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும் பேரன் வாங்கிப் போகிறான், நான்காவது வீட்டின் பாக்கியை வாரம் 20 ரூபாயாகப் பிரித்திருக்கிறோம்.